யாருக்காக எழுதுவது?

அறிஞர்க்காக எழுதுவதா, பாமரர்க்காக எழுதுவதா? நேயர்களே, மலையகத்தில் இக்கேள்விக்கு ஒரே இல்லத்தில் இரு விடைகள் பிறந்தன.

கோ. நடேசய்யர் தொழிலாளரின் உரிமைகளைப் பத்திரிகைகளிலும் நூல்களிலும் விளக்கினார். ஆனால் லயங்களில் எழுத்தறிந்தோர் சிலரே. அவர் துணைவியார் மீனாட்சியம்மை அதே அரசியலைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவரது பாடல் நூல் 1940-இல் வெளிவந்தது.

அதே ஆண்டில், பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில், இடதுசாரிகள் அமைத்த சங்கத்தின்கீழ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். உரிமைப் பேச்சு ஊவா மலைகளிலும் ஒலித்த காலம் அது.

நூல், படித்தவரை அடைந்தது. பாட்டோ படிக்காதவரையும் சேர்த்தணைத்தது. விஷயத்தை நன்கறிந்தவரே அதைப் பாமரர்க்குப் பாட முடியும். மலையக வரலாறு எழுதுவோர், சட்டங்களோடு இப்பாடல்களையும் ஆவணமாகக் கொள்ளவேண்டும்.