189 கணக்குகள்

தேக்கா சந்தையில வெண்டைக்காய் விலை சந்தேகமா இருந்தா பக்கத்துக் கடையில விசாரிக்கலாம். பங்குச் சந்தைத் திரையில் தெரியும் விலையை அப்படி விசாரிக்க முடியாது. யாரோ விற்று, வேறு யாரோ வாங்கி, இடையில் நின்ற எண் அதுன்னு நம்புகிறோம். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 அக்டோபர் வரை, சிங்கப்பூரில் மூன்று நிறுவனங்களின் பங்குகளில் அந்த 'வேறு யாரோ' பல சமயம் இல்லவே இல்லை.

புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்ட். ஜான் சோ சீ வென், குவா சூ லிங் இருவரும் 189 கணக்குகளைக் கையில் வைத்திருந்தார்கள். கணக்குகள் 60 தனிநபர்கள், நிறுவனங்களின் பெயரில் 20 நிதி நிறுவனங்களில் சிதறிக் கிடந்தன. ஒரு கணக்கு விற்கும், இன்னொன்று வாங்கும். காசு இந்தப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டுக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பங்கு சூடாக விற்பது போலத் தெரியும். ஏறிய விலையைக் காட்டி மார்ஜின் கடன், கடனை வைத்து மறுபடி அதே பங்கு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தால் வரும் கீச்சொலி மாதிரிதான் இது: தன் சத்தத்தையே வாங்கி, பெருக்கி, திரும்ப அனுப்பும்.

2013 அக்டோபர் 4 காலை மூன்றும் சரிந்தன. வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். சில நாள்களில் காணாமல் போனது சுமார் 800 கோடி வெள்ளி.

கடனில் தூக்கி நிறுத்திய பங்குகள் இங்கே புதுசில்லை. 1985இல் பான்-எலெக்ட்ரிக் நிறுவனம் கவிழ்ந்தபோது, தரகு நிறுவனங்களும் கூடவே கவிழுமோ என்ற பயத்தில் சிங்கப்பூர், மலேசியப் பங்குச் சந்தைகளை மூன்று நாள் மூடினார்கள்.

2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சோவுக்கு 36 ஆண்டு, குவாவுக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. எனக்கு உறுத்துவது அந்த 60 பெயர்கள்தான். பலர் நண்பர்கள், உறவினர்கள், தொழிலில் தெரிந்தவர்கள். தெரிஞ்சவர் கேட்டா பேரைக் கொடுக்கிறது நம்ம ஊர்ல அவ்வளவு சாதாரணம்.

பிறகு, முதன்மைப் பட்டியலில் உள்ள பங்குகளின் விலை 20 காசுக்குக் கீழே போகக்கூடாதுன்னு ஒரு விதி வந்தது. 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். விழுவதற்குச் சில நாள் முன்பு புளூமோன்ட் 2 வெள்ளிக்கு மேல் இருந்தது.