மருந்தும் வளைவும்: கொல்லிமலைச் சாலையில் கஞ்சா மருந்தின் காலக்கணக்கு

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். சித்தர் கோரக்கரின் குகை அங்கே காட்டப்படுகிறது. கஞ்சாவைச் சித்த மருத்துவம் கோரக்கர் மூலி என்றே வழங்குகிறது. மருந்து மரபும் கடும் சாலையும் கூடும் இக்களத்தில், கஞ்சா சேர்ந்த மருந்தை உண்டவர் வண்டி ஓட்டலாமா என்பதைவிட, உண்டபின் எத்தனை மணி நேரம் ஓட்டக்கூடாது என்பதே முதன்மையான வினா என வாதிடுகிறது இக்கட்டுரை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185, மதுவுக்கு 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. என வரம்பு வைக்கிறது. போதைப்பொருளுக்கு எண் வரம்பு இல்லை; வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தாரா என்றே பார்க்கிறது. பிரிட்டனும் ஜெர்மனியும் கஞ்சாவுக்கும் இரத்த வரம்பு விதித்துள்ளன. எனினும், எண் இல்லாமை நம் சட்டத்தின் குறையன்று. கஞ்சாவின் போதைக்கூறான டிஎச்சி கொழுப்பில் கரைவது. போதை நீடிக்கும்போதே இரத்தத்தில் அதன் அளவு சரிந்துவிடும். நாள்தோறும் உட்கொள்பவரிடமோ போதை தெளிந்த பின்னும் சிறிதளவு எஞ்சியிருக்கும். ஆகவே எண் மட்டும் தடுமாறுபவரைத் தப்பவிடலாம், தெளிந்தவரைச் சிக்கவைக்கலாம்.

காலக்கணக்குக்குச் சான்று உண்டு. நெதர்லாந்தில் 26 பேரை உண்மைச் சாலையில் ஓட்டவைத்து 2020இல் வெளியான ஆய்வில், டிஎச்சியை ஆவியாக உள்ளிழுத்து 40 நிமிடம் கழித்து வண்டி தடத்துக்குள் கூடுதலாக அலைந்தது. நான்கு மணி நேரத்துக்குப் பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 191 பேரைக் கொண்டு கலிபோர்னியாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது: புகைத்து ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டத் தயார் என்ற நம்பிக்கை கூடியது, திறன் மீளவில்லை. ஓட்டுபவரின் தன்மதிப்பீடு சான்றாகாது.

கஞ்சா உண்டவர் மெதுவாகத்தானே ஓட்டுகிறார், மலைச்சாலைக்கு அது நல்லதல்லவா என்ற மறுப்பு எழலாம். வேகக் குறைவு தட விலகலைச் சரிசெய்வதில்லை. கொண்டை ஊசி வளைவில் ஏறும் பேருந்துக்கு வழிவிட்டு, ஓரச்சுவரையும் எதிர்வரும் வண்டியையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். கஞ்சா தளர்த்துவது இந்தப் பகிர்ந்த கவனத்தையும் தடம் பிடிக்கும் திறனையும்தான்.

மேற்கண்ட ஆய்வுகள் உள்ளிழுத்தவரைப் பற்றியவை. லேகியமோ சூரணமோ இரைப்பையும் கல்லீரலும் கடந்து தாமதமாக வேலை செய்து நெடுநேரம் நீடிக்கும். நான்கு மணி நேரக் கணக்கை அதற்குப் பொருத்துவது ஆபத்து. மருந்து விதிகளின் அட்டவணை இ(1)இல் அடங்கும் கஞ்சா போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்துகள், மருத்துவர் மேற்பார்வையில் உண்ணுமாறு எச்சரிக்கும் வாசகம் தாங்குகின்றன. அதனோடு வண்டி ஓட்டாத நேரமும் அச்சிடப்பட வேண்டும். மருத்துவர் மருந்துச்சீட்டில் அதை எழுத வேண்டும். காவலருக்குத் தடுமாற்றத்தைக் கண்டறியும் பயிற்சி வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், மருந்துண்பவரைக் குற்றவாளியாக்காமலே சாலையைக் காக்கலாம்.