மூன்று எழுத்து, ஒரு புள்ளி... பல தளங்கள் காலி! பூட்டு போட்ட இணைய போக்குவரத்துக்கு ஃபயர்வால் விதி எழுதுவது எப்படி?

2021 மார்ச் 10. ட்விட்டரின் வேகத்தை குறைக்கப் போவதாக ரஷ்யா அறிவித்தது. ட்விட்டரின் சுருக்க முகவரியான 'டி.கோ' எங்கே வந்தாலும் பிடி என்று வலையமைப்பு கருவிகளில் விதி போட்டார்கள். ஆனால் ட்விட்டரோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட், ரெடிட் தளங்களும் இழுக்க ஆரம்பித்தன!

என்ன காரணம் தெரியுமா? மைக்ரோசாஃப்ட்.காம் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்க. கடைசி எழுத்து டி, அடுத்து புள்ளி, அடுத்து சி, ஓ. ரெடிட்.காம் முகவரியிலும் இதே கதைதான். முகவரி முழுசா பொருந்துதா என்று பார்க்காமல், 'உள்ளே எங்காவது இருக்கா' என்று மட்டும் தேடிய விதி, சம்பந்தமே இல்லாத தளங்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

ஒரு நாட்டுக்கே நடந்த இந்த தவறு, பள்ளி, அலுவலகம், கடை வைஃபையிலும் நடக்கலாம். வாங்க, இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம்.

ஃபயர்வால் என்ன பார்க்கிறது?

ஃபயர்வாலை அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்று வெச்சுக்கோங்க. முன்பு பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபி முறையில், போர்ட் 80 வழியாக வந்தன. அது திறந்த தபால் அட்டை மாதிரி. முகவரியும் தெரியும், உள்ளே எழுதியதும் தெரியும்.

இப்போது பெரும்பாலானவை ஹெச்டிடிபிஎஸ். அதாவது போர்ட் 443 வழியாக, டிஎல்எஸ் என்ற பூட்டோடு வருபவை. 2015 இறுதியில் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' அமைப்பு இலவசமாக சான்றிதழ் தர ஆரம்பித்த பிறகு, சின்ன தளங்களும் இந்தப் பூட்டுக்கு மாறின. நீங்கள் தேடும் வார்த்தை, பாஸ்வேர்ட், எந்தப் பக்கத்தை படிக்கிறீர்கள் என்பது எதுவுமே வாட்ச்மேனுக்கு தெரியாது.

அவருக்கு தெரிவது இவ்வளவுதான்: எந்த ஐபி முகவரிக்கு போகிறது, எந்த போர்ட், எவ்வளவு டேட்டா, எவ்வளவு நேரம். இதோடு இன்னொன்றும் தெரியும். தளத்தின் பெயர்.

பூட்டு போட்டும் பெயர் எப்படி தெரியுது?

ஒரே ஐபி முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். எனவே பூட்டு போடுவதற்கு முன்பே 'நான் இந்த வீட்டுக்கு வந்திருக்கேன்' என்று பிரவுசர் வாசலில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் எஸ்என்ஐ. 2003-லேயே வந்த ஏற்பாடு இது. 2018-ல் வெளியான டிஎல்எஸ் 1.3, சான்றிதழைக்கூட மறைத்துவிட்டது. ஆனால் எஸ்என்ஐ மட்டும் திறந்தே இருக்கிறது. தளத்தின் பெயரை வைத்து தடுக்கும் ஃபயர்வால்கள் பெரும்பாலும் இதைத்தான் படிக்கின்றன.

சரி, ஐபி முகவரியையே தடுத்தால் என்ன? 2018 ஏப்ரலில் டெலிகிராமை தடுக்க ரஷ்யா அதையும் செய்து பார்த்தது. அமேசான், கூகுள் கிளவுடில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் முடங்கின. வேறு பல சேவைகள் பாதிக்கப்பட்டன. டெலிகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது!

விதி எழுதும்போது கவனிக்க வேண்டியவை

* போர்ட் 443 என்பது போய்ச்சேரும் இடத்தின் எண். உங்கள் கணினி புறப்படும் போர்ட் ஒவ்வொரு முறையும் மாறும். விண்டோஸில் அது பொதுவாக 49152 முதல் 65535-க்குள் இருக்கும். இரண்டு பக்கமும் 443 என்று போட்டால் அந்த விதி எதற்குமே பொருந்தாது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

* 443-ஐ மட்டும் அனுமதித்து மற்ற எல்லாவற்றையும் மூடினால், எந்தத் தளமும் திறக்காது. பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்-க்கு போர்ட் 53 வேண்டும்.

* விதிகளின் வரிசை முக்கியம். லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் போன்றவற்றில் மேலிருந்து கீழாக பார்த்து, முதலில் பொருந்தும் விதியே முடிவு செய்யும். விண்டோஸ் ஃபயர்வாலில் அப்படி இல்லை. அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும்.

* பெயரை முழுசாக பொருத்துங்கள். 'இந்த தளமும் அதன் துணை முகவரிகளும்' என்று எழுதினால் சரி. 'இந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும்' என்று எழுதினால் மார்ச் 10 கதைதான்.

* ஒரு தளம் என்பது ஒரே பெயர் கிடையாது. யூடியூப் வீடியோக்கள் கூகுள்வீடியோ.காம் என்ற வேறு பெயரிலிருந்து வருகின்றன.

* சொந்தமாக சர்வர் நடத்துபவர்கள் போர்ட் 80-ஐ அவசரப்பட்டு மூட வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்டின் பரவலான சரிபார்ப்பு முறை அந்த வழியாகத்தான் நடக்கிறது. மூடினால் சான்றிதழ் புதுப்பிப்பு நின்றுவிடலாம்.

பிளாக் பண்ணியும் திறக்குதா?

முதல் சந்தேகம் க்விக் மேல்தான் வர வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் என்றாலே டிசிபி 443 என்று பலர் நினைக்கிறார்கள். 2021-ல் தரநிலையான க்விக், யுடிபி 443 வழியாக போகிறது. டிசிபி-க்கு மட்டும் விதி எழுதினால் பிரவுசர் பின்கதவு வழியாக போய்விடும். பல நிர்வாகிகள் யுடிபி 443-ஐ மூடிவிடுகிறார்கள். அப்போது பிரவுசர் தானாகவே டிசிபி-க்கு திரும்பிவிடும், தளமும் வழக்கம்போல திறக்கும்.

இரண்டாவது, டிஎன்எஸ் கேள்வியையே ஹெச்டிடிபிஎஸ்-க்குள் மறைத்து அனுப்பும் வசதி. போர்ட் 53-ல் காத்திருக்கும் வாட்ச்மேனுக்கு அது தெரியவே தெரியாது. மூன்றாவது, எஸ்என்ஐ-யையும் பூட்டிவிடும் இசிஹெச் என்ற புதிய முறை. வாசலில் சொல்லும் பெயரே பொதுப் பெயராக மாறிவிடும்.

பழைய கருவிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த குரோம் 124, குவாண்டம் கணினிகளையும் தாங்கும் புதிய பூட்டை இயல்பாகவே பயன்படுத்த ஆரம்பித்தது. அதனால் பிரவுசர் அனுப்பும் முதல் செய்தி பெரிதாகி, ஒரே பாக்கெட்டில் அடங்காமல் போனது. முதல் பாக்கெட்டை மட்டும் படிக்கும் சில கருவிகள் குழம்பி, இணைப்பையே துண்டித்தன. ஃபயர்வால் மென்பொருளை அப்டேட் செய்யச் சொல்வது இதனால்தான்.

பூட்டை உடைத்தே பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு உங்கள் சாதனத்தில் நிறுவனத்தின் சொந்த சான்றிதழ் ஏற்றப்பட வேண்டும். அதன்பின் ஃபயர்வால் நடுவில் உட்கார்ந்து, கவரைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்பும். அலுவலக கணினியில், ஊழியர்களிடம் சொல்லிவிட்டு செய்தால் அது ஒரு விஷயம். 2019-ல் கஜகஸ்தான் அரசு குடிமக்களையே இப்படி ஒரு சான்றிதழை ஏற்றச் சொன்னது. கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அந்த ஆகஸ்டில் தங்கள் பிரவுசர்களில் அதை முடக்கின.

இந்த முறையை பயன்படுத்தும் நிறுவனங்கள் வங்கி, மருத்துவ தளங்களை விதிவிலக்கில் வைப்பது நல்லது. இல்லையென்றால் ஊழியரின் வங்கி பாஸ்வேர்ட்கூட அந்தப் பெட்டிக்குள் திறந்த நிலையில் போய்வரும்.

உங்க போனில் இதை செக் பண்ணுங்க

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் 'நம்பகமான சான்றிதழ்கள்' என்று தேடி, அதில் 'பயனர்' பகுதியை பாருங்கள். ஐபோனில் ஜெனரல், அபவுட் பகுதியின் கடைசியில் சான்றிதழ் நம்பிக்கை அமைப்பு இருக்கும். நீங்கள் ஏற்றாத சான்றிதழ் அங்கே இருந்தால், யார் போட்டது என்று விசாரியுங்கள். 'இலவச வைஃபை வேணும்னா இதை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று யாராவது சான்றிதழ் கொடுத்தால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். வைஃபை கொடுக்க அப்படி ஒரு சான்றிதழே தேவையில்லை.