வரிசை தெரியும், எழுத்து தெரியாது: தமிழில் வாசிப்புக் குறைபாடும் வீட்டுக் கற்றல் துணையும்

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் மருந்து பார்த்தெழுதுதல். தவறாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். மறுநாளும் தவறினால் அது இருபதாகிறது. அடுத்து டியூஷன். அதற்கும் பலன் இல்லையென்றால் ‘கவனமில்லை’, ‘சோம்பேறி’ என்ற தீர்ப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பின் பாதி தாயின் மேலும் விழுகிறது: அவள் வேலைக்குப் போகிறாளாம், கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லையாம். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பார்த்தெழுதுதல் நோயிருக்கும் இடத்தைத் தொடுவதே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். அவ்விடத்தைத் தொடும் துணையை வீடு தர முடியும். ஆனால் அந்தத் துணை தமிழ் எழுத்தின் அமைப்பையும், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே தமிழில் உள்ள தொலைவையும் அறிந்ததாக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அது காத்திருக்கவும் கூடாது.

இக்குறைபாட்டை முதலில் விவரித்தவர்கள் அதைக் கண்ணோடு தொடர்புபடுத்தினார்கள். 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். ‘சொல் குருடு’ என்ற பெயர் அக்காலத்தது. சொற்களின் உருவம் மனத்தில் தங்காததே காரணம் என அவர் கருதினார். எழுத்துகளைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்சியா என இன்றும் பலர் நம்புவதும், திரும்பத் திரும்ப எழுதினால் உருவம் பதிந்துவிடும் என எதிர்பார்ப்பதும் அந்தப் பழைய விளக்கத்தின் எச்சங்கள். 1970களுக்குப் பிந்தைய ஆய்வுகள் வேறு இடத்தைச் சுட்டின. பேச்சொலிகளைத் தனித்தனியாகப் பகுத்துணர்வதிலும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு விரைந்து பிணைப்பதிலும்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடர் இருக்கிறது. காது நன்றாகக் கேட்கும், கண்ணும் நன்றாகத் தெரியும். இரண்டையும் இணைக்கும் வேலைதான் தாமதப்படுகிறது.

இந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடந்தவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தில் சிக்கலானது. அந்த உறவு சீராக உள்ள ஜெர்மன், இத்தாலியன் போன்ற மொழிகளில் இக்குறைபாடு உள்ள பிள்ளைகள் அதிகம் தவறுவதில்லை. சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள். இத்தாலியன், பிரெஞ்சு, ஆங்கிலம் வாசிக்கும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை எராஸ்மோ பவுலெசுவும் உடனாய்வாளர்களும் ஒப்பிட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மொழியினருக்கும் மூளையின் இடப் பக்கத்தில் ஒரே பகுதியில் செயல்பாடு குறைவாக இருந்தது. ஆனாலும் வாசிப்புத் திறனில் இத்தாலியர்கள் மற்ற இருவரையும் விட மேலாக இருந்தார்கள். குறைபாட்டின் வேர் ஒன்று. அது வெளிப்படும் விதத்தை மொழியின் எழுத்துமுறை தீர்மானிக்கிறது. ஆகவே தமிழில் அது எப்படி வெளிப்படும் என்ற கேள்விக்கு விடையைத் தமிழ் எழுத்திலிருந்தே தேட வேண்டும்.

கொம்பு எங்கே நிற்கிறது

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என மொத்தம் 247 எழுத்துகள். இவற்றுள் பெரும்பாலானவை சில அடையாளங்களின் சேர்க்கையே என்பதால் எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பார்கள். கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தச் சேர்க்கையே புதிர். ‘கா’, ‘கி’ ஆகியவற்றில் அடையாளம் மெய்க்குப் பின்னாலோ மேலாகவோ வருகிறது. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் முன்னால் நிற்கிறது. வாய் ‘க்’ என்று தொடங்க, கண் முதலில் சந்திப்பதோ கொம்பை. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் உயிரின் அடையாளம் இரண்டாகப் பிரிந்து மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. ‘கௌ’வின் பின்பாதி ‘ள’வைப் போலவே இருப்பதால் ‘கௌதமன்’ பலருக்குக் ‘கெ-ள-தமன்’ ஆகிவிடுகிறான். உகர வரிசை இன்னும் கடினம். கு, சு, டு, து, மு ஆகிய ஐந்தையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடையாளம் கிடைக்காது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘றா’ போன்ற சில எழுத்துகளின் விதிவிலக்கான வடிவங்களை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகார வரிசைகளை அது தொடவில்லை.

‘பெட்டி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சொல்வதெழுதுதலில் ஒரு பிள்ளை ‘ப’வை எழுதிவிட்டு, அதன் பின்னால் கொம்பைப் போடுகிறது. கொம்பு அடுத்து வரும் ‘ட்’டின்மேல் ஏறிக்கொள்கிறது. நோட்டில் சிவப்புச் சுழி விழுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ‘ப்’, பிறகு ‘எ’ என்று தான் கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறது. ஒலியைச் சரியாகவே பகுத்திருக்கிறது. அதற்குத் தெரியாதது எழுத்தின் இட மரபு மட்டுமே. இதே சொல்லை ‘பட்டி’ என்று எழுதும் பிள்ளையோ உயிரொலியையே தவறவிட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கிறது. இரண்டுக்கும் தர வேண்டிய துணையோ வேறு வேறு. திருத்துபவர் பிழையின் வகையைப் பார்க்காதவரை இந்த வேறுபாடு வெளிப்படாது.

பத்து முறை எழுதும்போது என்ன நடக்கிறது என்பதையும் அருகிருந்து பார்க்க வேண்டும். பல பிள்ளைகள் சொல்லைச் சொல்லாக எழுதுவதில்லை. மேலிருந்து கீழாகப் பத்துப் ‘பெ’, அதன் பக்கத்தில் பத்து ‘ட்’, பிறகு பத்து ‘டி’ என்று நிரப்புகிறார்கள். சொல் ஒரு முறைகூட வாயில் ஒலிப்பதில்லை. பக்கம் நிறைந்துவிடுகிறது, கை வலிக்கிறது, மறுநாள் அதே பிழை வருகிறது.

வரிசையை ஒப்பிப்பதிலும் இதே ஏமாற்றம்தான். ‘க, கா, கி, கீ’ என்று மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளையிடம் நடுவிலிருக்கும் ‘கே’யை மட்டும் தொட்டுக் காட்டினால், அது மீண்டும் ‘க’விலிருந்து தொடங்கி விரலை நகர்த்திக்கொண்டே வந்து சேர்கிறது. வரிசையை ஓசையாக மனப்பாடம் செய்திருக்கிறது, எழுத்தாக அறியவில்லை. நன்றாக ஒப்பிக்கிறானே என்று பெற்றோர் நிம்மதியடைவதாலேயே குறைபாடு ஓரிரு ஆண்டுகள் மறைந்திருக்கிறது. எழுத்துகளை நெடுக்காக, கி, சி, டி, தி, பி என்று சொல்லச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். இகரத்தின் அடையாளம் இதுதான் என்று கண்டுகொண்ட பிள்ளை புது எழுத்தையும் வாசிக்கும். கண்டுகொள்ளாத பிள்ளை ஒவ்வொன்றையும் தனிப் படமாகச் சுமந்துகொண்டிருக்கும்.

தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கற்பது தொடக்க வகுப்புகளிலேயே முடிந்துவிடுகிறது. கன்னடப் பிள்ளைகளுக்கு அக்கற்றல் நான்காம் வகுப்பு வரையிலும் நீள்கிறது. அசைகளைப் பிரித்துணரும் திறன் முன்னதாகவே வந்துவிடுகிறது. அசைக்குள்ளிருக்கும் தனி ஒலிகளைப் பிரிக்கும் திறனோ மெதுவாகவே வளர்கிறது. தமிழுக்கு இதிலிருந்து இரண்டு முடிவுகளை எடுக்கலாம். இரண்டாம் வகுப்பில் சில எழுத்துகள் தெரியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைபாடு என்று முத்திரை குத்துவது தவறு. இயல்பான தாமதமும் குறைபாடும் ஒன்றுபோலத் தோன்றும் இந்த ஆண்டுகளில் கைகட்டி நிற்பதும் தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. அதன்கீழ் வந்த வழிகாட்டுதல் மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது, முதல்நிலைச் சோதனை நடத்தச் சொல்கிறது. முறையான முடிவுக்கு அந்த வயது பொருத்தமானதே. ஆனால் ஐந்து முதல் எட்டு வயது வரையிலான மூன்று ஆண்டுகளை அது பெரும்பாலும் வீட்டின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

பேச்சில் இல்லாத தமிழ்

எழுத்தைக் கடந்தாலும் இன்னொரு தடை காத்திருக்கிறது. வீட்டில் ‘வெச்சுட்டுப் போயிட்டான்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் ‘வைத்துவிட்டுப் போய்விட்டான்’ என்பதைக் கூட்டி வாசிக்கிறது. சரியாகவே கூட்டியிருந்தாலும், கிடைத்த ஒலி தனக்குத் தெரிந்த சொல்லாக அதன் காதில் விழுவதில்லை. நன்கு வாசிக்கும் பிள்ளை பாதி வாசித்ததுமே மீதியை ஊகித்துவிடும், தவறினால் தானே திருத்திக்கொள்ளும். ஒலிப்பிணைப்பில் தடுமாறும் பிள்ளைக்கு அந்தக் கைப்பிடியும் கிடைப்பதில்லை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்கும் அரபு மொழியில் எலினார் சையெக்-ஹத்தாத் செய்த ஆய்வுகள், பேச்சில் இல்லாத ஒலிகளைப் பகுத்துணர்வது பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பதைக் காட்டியிருக்கின்றன. ல, ள, ழ மூன்றையும் பேச்சில் பிரிக்காத வட்டாரங்களில் ‘வாழைப்பழம்’ எழுதச் சொல்லிப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். அது தன் காதுக்கு உண்மையாக எழுதியிருக்கிறது.

எனவே பெற்றோர் சத்தமாக வாசித்துக் காட்டுவது அன்பு கலந்த பொழுதுபோக்கு மட்டுமன்று. எழுத்துத் தமிழை எழுத்தாகச் சந்திக்கும் முன்பே காதுக்குப் பழக்கும் வழி அது. மோனிக் செனெஷலும் ஜோஆன் லெஃபெவ்ரும் கனடாவில் பிள்ளைகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் எழுதியபோது, வீட்டுத் துணையை இரண்டு ஓடைகளாகப் பிரித்தார்கள். கதை வாசித்துக் காட்டுவது சொல்வளத்தையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் வளர்க்கிறது. எழுத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது தொடக்க எழுத்தறிவை வளர்க்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நம் வீடுகளில் இரண்டாவது அளவுக்கு மிஞ்சியும், முதலாவது அருகியும் கிடக்கின்றன.

ஒலியைப் பகுக்கப் பழக்குவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களுக்குப் புரியக்கூடாதென்று பேசும் ‘க’ பாஷைதான் அது. ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ‘க’வைச் சேர்த்து, ‘நீ வாடா’ என்பதைக் ‘கநீ கவாகடா’ என்பார்கள். இதைச் சொல்ல, சொல்லை அசை அசையாக உடைத்தாக வேண்டும். பயிற்சிக்கூடத்தில் ஒரு பயிற்றுநர் அட்டை வைத்துச் செய்விப்பதும் இதைத்தான். விடுகதையும், கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கும் விளையாட்டும் அதே பணியைச் செய்கின்றன. அசையில் பழகிய பிறகு உள்ளே போகலாம்: ‘பல்’லில் ‘ப்’புக்குப் பதில் ‘க்’ வைத்தால் என்ன வரும்? ‘கல்’லின் உயிரை நீட்டினால்? எழுத்து வேலைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அதில் ஐந்து நிமிடம் நெடுக்கு வரிசை, ஐந்து நிமிடம் சொல்லை வாய்விட்டுப் பிரித்துச் சொல்லியபடியே எழுதுதல், மீதி நேரம் ஒரே பத்தியைப் பெரியவரும் பிள்ளையுமாகச் சேர்ந்து வாசித்தல். தடுமாறும் இடத்தில் பெரியவர் சொல்லைக் கொடுத்துவிட்டு நகர வேண்டும், தேர்வு வைக்கக் கூடாது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதுபோலத் தவிட்டிலோ அரிசியிலோ எழுதச் சொல்லும் பயிற்றுநர்கள் உண்டு. அதில் தீங்கில்லை. ஆனால் பலன் தருவது மணலின் தொடுகையைவிட, எழுதும்போதே ஒலியை உரக்கச் சொல்வதுதான் என்று நான் கருதுகிறேன். வாய் மூடியிருந்தால் மணலும் இன்னொரு நோட்டுதான்.

வாசிப்பு மந்தமாக இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா இல்லை. செவித்திறனையும் பார்வையையும் முதலில் சோதித்துவிட வேண்டும். கவனக்குறைவுக் கோளாறும் மொழி வளர்ச்சிக் கோளாறும் இதனோடு சேர்ந்தும் வரும். 16 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாதது, 24 மாதத்தில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாதது, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு போய்விடுவது ஆகியவை வீட்டு விளையாட்டால் சரிசெய்யக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இவை ஆட்டிசம் உள்ளிட்ட கோளாறுகளைச் சுட்டக்கூடும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அமைப்பது இதற்காகத்தான். ‘இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்ற சமாதானம் பல பிள்ளைகளின் விலைமதிப்பற்ற மாதங்களைத் தின்றிருக்கிறது.

கைவிடப்படும் மொழியும் தயங்கும் தந்தையும்

ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இக்குறைபாடு உறுதியானால், சுமையைக் குறைக்கத் தமிழை விட்டுவிடுங்கள் என்ற ஆலோசனை அடிக்கடி வருகிறது. தேர்வுச் சலுகைகளில் ஒரு மொழிப் பாட விலக்கும் இருப்பதால் அது எளிய வழியாகத் தோன்றுகிறது. தேர்வில் விலக்குக் கேட்பது பிள்ளையின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு மொழி கற்பது இக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிடத் தமிழில் சீரானது. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ ஆகியவற்றில் ‘க’ மூன்று விதமாக ஒலித்தாலும், எந்த ஒலி என்பதைப் பக்கத்து எழுத்தும் இடமுமே சொல்லிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவும் பாட்டியும் தயக்கமின்றித் துணைநிற்கக்கூடிய மொழி தமிழ். அதை விலக்கினால் வீடே பிள்ளையின் கல்வியிலிருந்து விலக்கப்படுகிறது.

வீட்டுத் துணை பற்றிய அறிவுரைகள் அனைத்தும் நன்றாக வாசிக்கத் தெரிந்த பெற்றோரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. இது எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி. டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வருவது. இக்குறைபாடுள்ள பெற்றோரின் பிள்ளைகளில் சராசரியாக 45 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து மார்கரெட் ஸ்னோலிங்கும் மோனிகா மெல்பி-லெர்வாகும் 2016இல் காட்டினார்கள். ‘தினமும் மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள்’ என்று நாம் சொல்லும் தந்தை, பள்ளியில் அடிவாங்கிப் பாதியில் நின்றவராக இருக்கலாம். நோட்டை விரித்தால் அவருக்கும் அதே பழைய பதற்றம். அவர் எரிந்து விழுவதையும் ஒதுங்கிப் போவதையும் அக்கறையின்மை என்று எழுதிவிடுவது பெரும் அநீதி. அத்தகைய வீட்டுக்குக் காகிதத்தில் அச்சடித்த குறிப்பைக் கொடுத்தனுப்பிப் பயனில்லை. அவரால் கதை சொல்ல முடியும், விடுகதை போட முடியும், ‘க’ பாஷை பேச முடியும். கேட்கும் ஓடையை அவரிடம் விட்டுவிட்டு, எழுத்து ஓடையை வேறொருவர் ஏற்க வேண்டும்.

அந்த வேறொருவரைத் தெருவிலேயே கண்டுபிடிக்க முடியும் என்பதை, 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ காட்டியது. பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலை வேளையில் தங்கள் குடியிருப்புப் பிள்ளைகளோடு அமர்ந்தார்கள். கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய வந்த ஏற்பாடு அது. குறைபாட்டைக் கண்டறிய அவர்களைப் பழக்க வேண்டியதில்லை. வரிசையைக் கலைத்து எழுத்தைக் காட்டவும், ‘பெட்டி’யில் வரும் இருவகைப் பிழையைப் பிரித்தறியவும், தவறின் எண்ணிக்கையோடு வாசிப்பின் வேகத்தையும் குறித்துவைக்கவும், ஓரிரு பருவம் துணை கொடுத்தும் நகராத பிள்ளையை மாவட்ட மையத்துக்கு அனுப்பவும் பழக்கினால் போதும். அப்படிக் குறித்துவைத்த தாள், மூன்றாம் வகுப்புச் சோதனைக்குப் பிள்ளை வரும்போது, சோதிப்பவரின் கையில் இருக்கக்கூடிய மிகப் பயனுள்ள ஆவணமாக இருக்கும்.