வெனிஸ்: பயணிகளின் அனுபவங்கள்

வடகிழக்கு இத்தாலியில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய காயலில், நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் எழுந்த நகரம் வெனிஸ். 1797 வரை தனிக் குடியரசாக இருந்தது. நகரமும் காயலும் 1987-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. வெனிஸைக் கண்டவர்கள் எழுதிய குறிப்புகள் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கின்றன. ஒவ்வொருவரும் கண்ட வெனிஸ் எத்தகையது என்பதை, அவர் வந்த வழியும் தங்கிய காலமுமே பெரிதும் முடிவுசெய்திருக்கின்றன.

இடைக்காலத்தின் இறுதியில் வந்தவர்களில் பலர் ஜெருசலேம் செல்லும் யாத்ரீகர்கள். ஜாஃபா துறைமுகத்துக்குப் புறப்படும் கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். கப்பல் தலைவரோடு கட்டணம் பேசி ஒப்பந்தம் எழுதுவது, பயணத்துக்குப் படுக்கையும் உணவுப்பொருளும் வாங்குவது, தேவாலயங்களில் புனிதர்களின் எச்சங்களைத் தரிசிப்பது என நாள்கள் கழியும். 1480, 1483 ஆகிய ஆண்டுகளில் யாத்திரை புறப்பட்ட டொமினிக்கன் துறவி ஃபெலிக்ஸ் ஃபாப்ரியும், 1494-இல் வந்த மிலான் குரு பியெத்ரோ கசோலாவும் இவற்றை விரிவாக எழுதியுள்ளனர்.

வெனிஸைப் பார்ப்பதற்காகவே வந்தவர்களில் ஆங்கிலேயர் தாமஸ் கோரியட் தனித்து நிற்கிறார். 1608-இல் பெரும்பாலும் கால்நடையாகவே ஐரோப்பாவைச் சுற்றிய அவர், வெனிஸில் ஏறத்தாழ ஆறு வாரம் தங்கினார். இங்கிலாந்தில் பெண் வேடத்தைச் சிறுவர்கள் ஏற்ற காலம் அது. இங்கே பெண்களே மேடையேறி நடித்ததை வியந்து பதிவுசெய்தார். யூதர்கள் வாழ்ந்த கெட்டோ பகுதிக்குச் சென்று மத விவாதமும் செய்தார். 1611-இல் வெளிவந்த அவருடைய நூலின் பலம் இந்த அடங்காத ஆர்வம்தான். பின்னாளில் அதே கால்களோடு இந்தியா வரை வந்து, 1617-இல் சூரத்தில் இறந்தார்.

ஜெர்மன் கவிஞர் கதே 1786 செப்டம்பர் இறுதியில் படகில் வந்து சேர்ந்தார். அவருடைய தந்தை இத்தாலியிலிருந்து கொண்டுவந்த கொண்டோலாப் படகுப் பொம்மையைச் சிறுவயதிலேயே பார்த்தவர் அவர். வழிகாட்டி இல்லாமல், திசையை மட்டும் மனத்தில் வைத்துச் சந்துகளில் அலைந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைக் கண்டது சான் மார்க்கோ மணிக்கூண்டின் உச்சியிலிருந்துதான். 1816-இல் வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன், சான் லாசரோ தீவின் மடாலயத்தில் ஆர்மீனிய மொழி பயின்றார். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கட்டடம் கட்டடமாக அளந்து குறித்து, 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார்.

இதற்கிடையே நகரின் வாசல் மாறத் தொடங்கியிருந்தது. காயலைக் கடக்கும் ரயில் பாலம் 1846-இலும், சாலைப் பாலம் 1933-இலும் திறக்கப்பட்டன. காலையில் வந்து மாலையில் திரும்புவது எளிதாயிற்று.

இன்றும் பழைய நகருக்குள் வாகனம் நுழைவதில்லை. நடக்க வேண்டும், இல்லையேல் ‘வாப்போரெத்தோ’ என்னும் நீர்ப்பேருந்தில் ஏற வேண்டும். வழி தவறுவது அநேகமாக எல்லோருக்கும் நேர்கிறது. வீட்டெண்கள் தெருவாரியாக இல்லாமல், நகரின் ஆறு பகுதிகள் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து ஓடுவதால் முகவரி மட்டும் போதாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலப் படிகளில் ஏறி இறங்குவதுதான் புதியவர்களை அதிகம் களைக்கவைக்கிறது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் ஓதம் உயர்ந்து தெருக்களுக்குள் நீர் ஏறும். 1966 நவம்பர் 4 அன்று ஓத மட்டம் 194 சென்டிமீட்டரையும், 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டரையும் தொட்டது. காயலின் வாய்களில் அமைந்த ‘மோசே’ தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபரில்தான் முதன்முறை ஓதத்தைத் தடுத்து நிறுத்தின.

வெள்ளத்தைவிட நெரிசலைப் பற்றியே இன்றைய பயணிகள் அதிகம் குறைப்படுகிறார்கள். ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் இடையே கோடையில் நகரவே முடியாது. பழைய நகரில் குடியிருப்போர் ஐம்பதாயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்டனர். அன்றாடம் வந்துபோவோருக்கான கடைகளே தெருக்களை நிறைக்கின்றன. சில மணி நேரம் மட்டும் தங்குபவருக்கு வெனிஸ் என்பது இந்தக் கூட்டம்தான். கன்னரேஜோ, கஸ்தெல்லோ பகுதிகளின் உட்சந்துகளில் பள்ளிப் பிள்ளைகளையும், காய்கறிப் படகையும், ‘பாக்காரோ’ எனப்படும் சிறு மதுக்கடைகளில் நின்றபடி சிற்றுண்டி உண்ணும் உள்ளூர்க்காரர்களையும் பார்க்க ஓரிரவாவது தங்க வேண்டும். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் மாநகராட்சி நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. விடுதியில் தங்குவோருக்கு இக்கட்டணம் இல்லை. அவர்கள் தங்கும் இரவுகளுக்கு வரி செலுத்துகிறார்கள்.