பெல்லட் கணப்பு அடுப்பு: பற்றவைப்பின் வரலாறு

பெல்லட் கணப்பு அடுப்பு என்பது, அழுத்திய மரத்தூளால் ஆன சிறு உருளைகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி ஆகும். இது சமையலுக்கு உரியதன்று. குளிர்நாடுகளில் கூடத்தில் வைத்துக் குளிர்காயப் பயன்படுவது. விறகு அடுப்பில் மனிதர் கையால் செய்யும் வேலைகளை இதில் மோட்டாரும் விசிறியும் செய்கின்றன. அதனால்தான், பொத்தானை அழுத்தியும் நெருப்பு பற்றாத காலைப்பொழுதில், கோளாறு எங்கே என்று தேடுவது சற்றுச் சிக்கலான வேலையாகிவிடுகிறது.

எரிபொருள்

மர அறுவை ஆலைகளின் கழிவை அழுத்தி எரிபொருளாக்கும் முயற்சி பழையது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள லூயிஸ்டன் நகரில், 1930களிலேயே மரத்தூளை அழுத்திக் கட்டைகளாக்கி விற்றனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இந்தத் துறைக்குப் புதிய வேகம் தந்தது. பெல்லட் தயாரிக்கும் முறை ஒன்றுக்கு ருடால்ஃப் கன்னர்மன் என்பவர் 1977இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

இன்று வீடுகளில் எரிக்கப்படும் பெல்லட் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. துளையிட்ட இரும்பு அச்சின் வழியே மரத்தூளை அழுத்தித் தள்ளும்போது உண்டாகும் வெப்பத்தில், மரத்திலுள்ள லிக்னின் இளகித் துகள்களை ஒட்டவைக்கிறது. தனியே பசை தேவையில்லை. ஈரம் பட்டால் உருளை உப்பி, மீண்டும் தூளாகிவிடும். தரமான பெல்லட்டில் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இதனால் வந்ததே. நனைந்த மூட்டையிலிருந்து கொட்டிய பெல்லட் எளிதில் பற்றாது. போதாக்குறைக்கு ஊட்டும் குழாயையும் அடைத்துவிடும்.

அடுப்பு

வீட்டுக்கு ஏற்ற பெல்லட் அடுப்பு 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் உருவானது. இதை வடிவமைத்தவராக அறியப்படும் ஜெர்ரி விட்ஃபீல்ட், வானூர்திப் பொறியாளர். மேலே ஒரு கொள்கலம், அதிலிருந்து பெல்லட்டைச் சிறிது சிறிதாகத் தள்ளும் திருகுத்தண்டு, எரியும் இடமாகிய சிறு கிண்ணம், காற்றை இழுத்துப் புகையை வெளியேற்றும் விசிறி ஆகியவையே இதன் அடிப்படைப் பாகங்கள்.

விறகு அடுப்பில் சூடான புகை தானே புகைபோக்கியில் மேலேறும். பெல்லட் அடுப்பிலோ புகை போவது விசிறியை நம்பி இருக்கிறது. விசிறி நின்றாலோ குழாய் அடைபட்டாலோ, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். இதற்காகவே அழுத்த சுவிட்ச் சேர்க்கப்பட்டது. உள்ளே போதிய இழுவை இல்லையென்றால் அது திருகுத்தண்டுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கதவின் ஓரப்பட்டை தேய்ந்திருந்தாலும், சாம்பல் குழாயில் சேர்ந்திருந்தாலும், சுவிட்ச்சுக்குச் செல்லும் மெல்லிய ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் பெல்லட் கிண்ணத்தில் விழாது. அடுப்பு "கெட்டுவிட்டது" என்று தோன்றும். உண்மையில் அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. இந்தச் சுவிட்ச்சை விலக்கி, கம்பிகளை நேராக இணைத்து அடுப்பை எரியவைப்பதைப் போன்ற அறிவீனம் வேறில்லை.

கையிலிருந்து பொத்தானுக்கு

தொடக்க கால அடுப்புகளைக் கையால்தான் பற்றவைத்தனர். கிண்ணத்தில் ஒரு பிடி பெல்லட் இட்டு, அதன்மேல் பற்றவைக்கும் கூழைச் சிறிது பூசித் தீக்குச்சி கிழிப்பார்கள். நெருப்பு பிடித்ததும் கதவை மூடுவார்கள். பின்னாளில் மின்சாரத்தால் சூடேறும் தண்டு வந்தது. சுமார் 300 வாட் மின்சாரத்தில் அது செந்தணலாகி, தன்னைத் தழுவிச் செல்லும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் சில நிமிடங்களில் பெல்லட் பற்றுகிறது. குறித்த நேரத்துக்குள் நெருப்பு உணரப்படாவிட்டால் அடுப்பு தானே நின்றுவிடும்.

நெருப்பு வராதபோது பலரும் முதலில் சந்தேகிப்பது இந்தத் தண்டைத்தான். உடனே புதியது வாங்கி மாற்றிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் குற்றம் எளிய இடத்தில் இருக்கும். கிண்ணத்தின் துளைகளைச் சாம்பல் உருகி இறுகிய கிட்டம் மூடியிருந்தால், தண்டு சிவந்தும் சூடான காற்று பெல்லட்டைச் சேராது. கொள்கலம் முழுதும் காலியான பிறகு நிரப்பியிருந்தால் திருகுத்தண்டின் குழாய் வெறுமையாக இருக்கும். முதல் முயற்சியில் போதிய பெல்லட் வந்து சேராது. இரண்டாம் முறை தொடங்கினால் சரியாகிவிடும். ஆனால் தோற்ற முயற்சியில் விழுந்து குவிந்த பெல்லட்டை அள்ளி எடுத்த பின்னரே மீண்டும் தொடங்க வேண்டும். குவியல் புகைந்து, சேர்ந்த வாயு ஒரே நேரத்தில் பற்றினால் கதவுக் கண்ணாடி தெறிக்கும் அளவுக்கு வெடிக்கலாம்.

தண்டு பழுதா என்று அறிய உதவுவது பழைய வழக்கமே. தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், குளிர்ந்த அடுப்பில் கூழிட்டுக் கையால் பற்றவைக்க வேண்டும். நெருப்பு பிடித்து ஒழுங்காக எரிந்தால் ஊட்டமும் காற்றும் சரி. பற்றவைக்கும் தண்டோ அதன் இணைப்போதான் பழுது. பற்றி எழுந்தும் சோம்பலாக, மஞ்சளாகப் புகைந்தால் காற்றுப் பாதையைத் தேட வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது எந்த நிலையிலும் கூடாது. கூழையும் கிண்ணம் சூடாக இருக்கும்போது இடக்கூடாது.

மின்தடை

1998 ஜனவரியில் கனடாவின் கிழக்குப் பகுதியையும் அமெரிக்காவின் வடகிழக்கையும் தாக்கிய பனிக்கட்டிப் புயலில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் விறகு அடுப்பு உள்ள வீட்டில் தணல் இருக்கும். மூட்டை மூட்டையாக பெல்லட் இருந்தும் மின்கலம் இல்லாத வீடு குளிர்ந்துபோகும். பற்றவைக்கும் நேரத்தில்தான் அடுப்பு மிகுதியான மின்சாரம் இழுக்கும். எரியத் தொடங்கிய பின் அதில் ஒரு பங்கே போதும். எரியும் அடுப்பைத் தாங்கும் சிறிய இன்வெர்ட்டர், அணைந்த அடுப்பைத் தொடங்கும்போது திணறுவது இதனால்தான். கையால் பற்றவைக்க இடமுள்ள அடுப்புக்கு இந்தத் தொல்லை குறைவு.

மின்சாரமே வேண்டாத பெல்லட் அடுப்புகளும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் திருகுத்தண்டு இல்லை, விசிறியும் இல்லை; பெல்லட் தன் எடையாலேயே கீழே சரிகிறது, புகை உயரமான புகைபோக்கியின் இழுவையால் வெளியேறுகிறது. பற்றவைப்பது கையால்தான்.