பாவும் ஊடும்: பத்தமடைப் பாயின் வரலாறு

'பா' என்னும் ஓரெழுத்து ஒருமொழி செய்யுளையும் குறிக்கும்; தறியில் நீளவாக்கில் ஓடும் இழையையும் குறிக்கும். பரப்புதல் என்னும் பொருளுடைய அதே வேரிலிருந்துதான் பாயும் பிறந்தது. நூல் என்ற சொல்லுக்கு விளக்கம் கூற வந்த பவணந்தியார் பஞ்சைச் சொல்லாகவும், நூற்கும் பெண்ணைப் புலவனாகவும் உருவகித்ததை நம் வட்டத்தார் அறிவர். புலவனுக்கு உவமையாக நின்ற அப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. பாவலர் மலரில் பாயைப் பற்றி எழுத இந்த உறவே போதும்.

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மாதேவியை அடுத்து, கன்னடியன் கால்வாய் நீர் பாயும் ஊர் பத்தமடை. 1887இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்பதால் வடநாட்டாரும் அதன் பெயரை அறிவர். ஆயினும் உள்ளூரில் 'பத்தமடை' என்றதும் அடுத்து வரும் சொல் பாய்தான். 1917இல் எச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியிலேயே இத்தொழில் இடம்பெற்றுவிட்டது. ஒருவர் படுக்கத் தக்க பாயைச் சுருட்டிக் கைத்தடியின் உட்புழையில் அடக்கிவிடலாம் என ஆங்கில ஆட்சிக் காலத்தார் வியந்து எழுதினர். இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் சென்றது என்பது ஊரார் பெருமையோடு சொல்லும் செய்தி.

இவ்வியப்புக்குக் காரணமான பொருளோ ஆற்றங்கரைக் கோரை. பசுமையாக அறுத்த தண்டைக் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, வெயிலில் உலர்த்துவர். பின்பு ஓடும் நீரில் பல நாள் ஊறவிடுவர். தேங்கிய நீர் உதவாது என்பார்கள். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, மேலும் மேலும் நுண்ணிதாகக் கிழிப்பர். இந்த உழைப்பில் பாதி தறிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. ஓலைப்பாயை முடைவார்கள், கோரைப்பாயை நெய்வார்கள். தரையோடு தரையாகக் கட்டிய தறியில் பருத்தி நூல் பாவாக நிற்க, நெய்பவர் பாவின்மேல் பலகையிட்டு அமர்ந்து, நெய்த பகுதி வளர வளர முன்னோக்கி நகர்வார். கோரை ஊடாகச் செல்லும். பாவிழையின் நெருக்கத்தை எண்ணால் குறிப்பர். நூறு முதல் நூற்றுநாற்பது வரையுள்ளவை மிக நுண்ணியவை. அவற்றுக்குப் பட்டுப்பாய் என்று பெயர்.

சாயம் ஒரு தனிக்கதை. பழைய செந்நிறம் சப்பங்கிக் கட்டையிலிருந்து வந்தது. தென்னாட்டுச் சாயக்காரர்கள் அதற்குத் துணையாகக் காயா மரத்து இலையைச் சேர்ப்பது வழக்கம். திருமாலின் மேனிக்கு உவமை சொல்ல அம்மரத்தின் பூவை நாம் எடுத்துக்கொண்டோம். இலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நெல்லையில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி நடைபெறும் பொருட்காட்சியிலும் பிற கைவினைக் கண்காட்சிகளிலும் இப்பாய்களைப் பன்முறை நின்று பார்த்திருக்கிறேன். உருவங்கள் பொறித்த பாய்களின் முன்தான் கூட்டம் மிகுதி. என் மனம் அவற்றில் ஒட்டவில்லை. இயல்பான வைக்கோல் நிறம் நடுவே பரந்து கிடக்க, இரு ஓரத்திலும் செங்கரை மட்டும் ஓடும் பாயே எனக்கு உகந்தது. வெண்பாவைப் போல, அதில் மறைக்க இடமில்லை. அடுத்தது மணப்பாய். மணமக்கள் பெயரும் மணநாளும் நெய்யப்பெற்ற இப்பாய், சமயம் கடந்து நெல்லைச் சீமையின் திருமண வீடுகளுக்குச் செல்வது. நெய்பவர்களோ பெரும்பாலும் லெப்பை முசுலிம் குடும்பத்துப் பெண்கள். தாம் போகாத திருமணங்களின் பெயர்களை எழுத்துக்கூட்டி நெய்தவர்கள் அவர்கள். அந்தப் பாயில் அவர்கள் பெயர் எங்கும் இராது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு செய்தியை நினைக்க வேண்டும். அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் பழந்துணிகளைக் கத்தரித்து ஒட்டுத்தையல் போர்வைகள் செய்தனர், குளிருக்காகத்தான். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்பு நியூயார்க்கிலும் அவை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. ஒவ்வொன்றின் அருகிலும் தைத்தவள் பெயர் இருந்தது. 2006இல் அப்போர்வைகள் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. மேரி லீ பெண்டால்ஃப், லொரெட்டா பெட்வே என்று இன்று நாமும் சொல்ல முடிகிறது.

பத்தமடைப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயருக்குக் கிடைத்த காப்பு, நல்லதே. ஆனால் நெகிழிப் பாயும் விசைத்தறிப் பாயும் குறைந்த விலையில் குவிகின்றன. தாமிரவருணிக் கரைக் கோரை குறைந்து, காவிரிப் பக்கத்துக் கரூர்க் கோரையை நாட வேண்டியிருக்கிறது. நூறு எண்ணுக்கு மேற்பட்ட பாயை நெய்யும் கைகள் அருகிவிட்டன. விரல் நுனியில் உள்ள அந்த அறிவு எவர் எவரிடம் இருக்கிறது என்று பெயர் சொல்லக்கூட நம்மிடம் பட்டியல் இல்லை. கல்வெட்டில் சிற்பி பெயரையும் ஏட்டின் இறுதியில் எழுதியவன் பெயரையும் தேடும் நாம், நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இவர்களை விட்டுவிட்டோம்.

பத்தாம் ஆண்டு விழா மேடைக்குப் பட்டுப்பாய் ஒன்று நெய்து வாங்க வேண்டுமென விழாக்குழுவிடம் கேட்டிருக்கிறேன். வட்டத்தின் பெயர் தலைப்பில் வரட்டும். கீழ்க்கரையில், நெய்பவர் இசைந்தால், அவர் பெயரும் வர வேண்டும். அளவு, நிறம், இழையெண் ஆகியவற்றோடு இதனையும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும்.